மூன்று ஒன்றுமில்லைகள்

மூன்று தடவை ஒன்றுமில்லை என்று சொல்லியாகிவிட்டது. நான்காவது தடவையும் அதையே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன, விரலும் என்னுடையது, தலையும் என்னுடையது, இரண்டில் எது வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. தலைதான் வேண்டும். எழுபத்தெட்டு நாளாக வலிக்காத தலை, இன்றைக்கும் சேர்த்தால் எழுபத்தொன்பது. காலையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறியபோது வேண்டுமென்றே வெயிலடிக்கிற பக்கமாகப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "ஏனுங்க்கா, அக்கட்ட நெழல்ல எடமிருக்குதுங்களே" என்றார் கண்டக்டர். "இருக்கட்டுங்க, இங்கியே நல்லாருக்குது" என்றேன். வெயில் கண்ணில் பட்டதும் நேராகப் பின்மண்டைக்குப் போய் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பழகியவளுக்கு, வெயில் வெறும் வெயிலாக முகத்தில் விழுவது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும். பஸ்ஸுக்குள் யாரோ மல்லிகை வைத்திருந்தார்கள், யாரோ சென்ட் அடித்திருந்தார்கள், டிரைவர் ஊதுபத்தி கொளுத்தியிருந்தார். முன்பெல்லாம் இந்த மூன்றில் ஒன்று போதும், நான் இறங்கி ஓரமாக வாந்தியெடுக்க. இன்றைக்கு மூன்றையும் மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு, இன்னும் இருந்தாலும் கொண்டு வாருங்கள் என்று உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி மூன்றாம் மாடிக்குப் படியேறியே வந்துவிட்டேன். லிஃப்ட்டுக்கு நின்றவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். மருந்து ஆய்வுப் பிரிவு என்று போர்டு மாட்டிய இந்த வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் அவர்கள் கொடுத்த நீலப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைக்குள் நான் விழுங்கி முடித்த மாத்திரைகளின் காலி அட்டைகள், கூடவே தலைவலி நாட்குறிப்பு. வலித்த நாளுக்குப் பெருக்கல் குறி, வலிக்காத நாளுக்கு வட்டம். வரிசையாக வட்டம் வட்டமாக இருக்கிறது, பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இந்த வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றைத் தவிர. நடுவிரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை நினைக்கக்கூடாது என்றுதான் வட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் என் தலைவலி ஒரு நிரந்தர விருந்தாளி. மாதத்தில் எட்டு நாள், பத்து நாள் வந்து தங்கும். அந்த நாட்களில் ஜன்னலை அடைத்து, ஈரத்துண்டைத் தலையில் கட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். தையல் மெஷின் மேல் பாதி தைத்த ப்ளவுஸ் கையில்லாமல் கிடக்கும். பக்கத்து வீட்டு குக்கர் விசில் ஒவ்வொன்றும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனியில் லேத்தில் நிற்பவர், இரும்பு அறுபடும் சத்தத்திலேயே இருந்து பழகியவர், அவருக்குத் தலைவலி என்றால் டீ குடித்தால் போவது. "தலைவலிதான புள்ள, ஒரு டீயக் குடி" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் போட்டுக் கொடுத்த டீயையெல்லாம் ஒன்றாக ஊற்றினால் நொய்யல் ஆறே ஓடும். சுக்கு அரைத்துப் போட்டேன், மூக்கில் சொட்டு விட்டேன், பொட்டு வைக்காமல் இருந்து பார்த்தேன், தலைமாட்டைத் திருப்பிப் போட்டுப் படுத்தேன். மகள் சௌம்யா பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடியபோது நான் கழிப்பறையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். இப்போது அவள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள், அந்த நடனத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசுவதே இல்லை. அப்புறம்தான் யாரோ சொல்லி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன், டாக்டர் தேவசகாயத்தைப் பார்த்தேன். நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற டாக்டரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்காக நிற்கிறாரா, இடுப்பு வலியா என்று முதலில் சந்தேகப்பட்டேன். "புதுசா ஒரு மருந்து ஆய்வில இருக்கும்மா. இஷ்டமிருந்தா சேரலாம், இல்லேன்னா பழைய மருந்தே தர்றேன், ரெண்டுக்கும் இங்க ஒரே மரியாதைதான்" என்றார். அந்த மனிதரிடம்தான் உங்கள் மாத்திரை என் விரலை மரத்துப்போக வைக்கிறது என்று போய்ச் சொல்ல வேண்டும். விருந்துக்குப் போன வீட்டில் பாயசத்தில் முடி கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது, மெதுவாக எடுத்து இலை ஓரமாக வைத்துவிட்டுப் பிரமாதம் என்று சொல்லித்தானே எனக்குப் பழக்கம்.

சேர்வதற்கு முன்னால் ஒரு தாள் கொடுத்தார்கள். தாளா அது, பதினோரு பக்கம். அதை எனக்கு வாசித்துக் காட்டவே ரிஸ்வானா என்ற பெண் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஆய்வு வேலையெல்லாம் பார்ப்பது அவள்தான். சௌம்யாவைவிட மூன்று நான்கு வயது பெரியவளாக இருப்பாள். உக்கடத்துக்காரி, எழுதும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாள். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும், "புரிஞ்சுதாங்க்கா, புரிஞ்சதை நீங்க ஒருக்கா சொல்லுங்க" என்றாள். எதிரே ஒரு கேமராவை வேறு வைத்து எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். என் கல்யாணத்தில் வீடியோக்காரன் பாதியில் சாப்பிடப் போய்விட்டான், இங்கே ஒரு நிமிஷம்கூட விடவில்லை. இத்தனையும் எதற்கு என்று கேட்டேன். "ரொம்ப வருசத்துக்கு முன்னால சில நாட்டுல சனங்களுக்குச் சொல்லாமயே அவங்க மேல மருந்தைப் போட்டுப் பாத்தாங்கக்கா. ஜெயில்ல இருந்தவங்க, ஏழைங்க, கேக்க ஆளில்லாதவங்க. அதுக்கப்பறம் உலகத்து டாக்டருங்கல்லாம் ஹெல்சிங்கின்னு ஒரு ஊர்ல கூடி விதி எழுதினாங்க. இந்தப் பதினோரு பக்கத்துக்கு அதுதான் வேரு" என்றாள். ஹெல்சிங்கி குளிர்ப் பிரதேசமாம். கம்பளிக் கோட்டு போட்ட டாக்டர்கள் வட்டமாக உட்கார்ந்து, சிங்காநல்லூரில் வசந்தாமணி என்று ஒருத்தி இருப்பாள், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரை கொடுக்கக்கூடாது என்று எழுதினார்கள் என்று நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. என்னைக் கட்டிக் கொடுக்கும்போதுகூட இவ்வளவு கேட்கவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது வந்து, மாப்பிள்ளை பிடிச்சிருக்குதல்லோ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்கள். இங்கேயோ எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்று ஒரு பக்கம். பெயர் வெளியே போகாது, நம்பர்தான் போகும் என்று ஒரு பக்கம், நான் பதினாலாம் நம்பர். எனக்குக் கிடைப்பது நிஜ மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்று இன்னொரு பக்கம். அதைக் கேட்டபோது, டாக்டருக்கே தெரியாதா என்று நான் சந்தோஷப்பட்டதை அந்த கேமரா பிடித்திருக்கும். ஏழாவது பக்கமோ எட்டாவது பக்கமோ, உடம்பில் எந்த மாற்றம் வந்தாலும், சின்னதாக இருந்தாலும், மருந்தால் வந்ததில்லை என்று நீங்களே நினைத்தாலும், சொல்ல வேண்டும் என்று இருந்தது. புரிஞ்சுதாங்க்கா என்றாள். நன்றாகப் புரிந்தது. புரிந்ததை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னதும் நான்தான், அதற்குப் பிறகு மூன்று தடவை வாயை மூடிக்கொண்டதும் நான்தான்.

முதலில் எறும்புதான். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி, உதறினால் போய்விடும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு எறும்பு. அதைப் போய் யார் சொல்வார்கள். அப்புறம் துணி தெரியாமல் போனது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே இது சுத்தப் பருத்தி டூ பை டூ ரூபியா, இது பாலியெஸ்டர் கலந்தது என்று சொல்கிற கை என்னுடையது, கடைக்காரன் பொய் சொன்னாலும் கை பொய் சொல்லாது. இப்போது எல்லாத் துணியும் ஒரே துணியாக இருக்கிறது, கையுறை போட்டுக்கொண்டு தொடுவதுபோல. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் சந்தன நிறப் பட்டு ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், என்னமோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, தலை லேசாக இருந்த சந்தோஷத்தில். குனிந்து பார்த்தால் துணியில் சிவப்பாக மூன்று பொட்டு. ஊசி விரலில் ஏறி இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அவரவர் ரத்தத்தை அவரவர் எச்சில்தான் எடுக்கும், தையல்காரிகளுக்கு இது தெரியும். நூலை வாயில் போட்டு மென்று, ஈரமாக்கி, ஒற்றி ஒற்றி எடுத்தேன். கறை போய்விட்டது. பயம் போகவில்லை. அதற்கு நாலு நாள் கழித்து இங்கே வந்தபோது ரிஸ்வானா, "வேற ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சாங்க்கா?" என்று கேட்டாள், என் வாய் தானாகத் திறந்து, "ஒண்ணுமில்ல கண்ணு" என்றது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அவள் அதை எழுதினாள். எழுதுவது ஒரு பொய் என்று தெரியாமல் எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிது. சொன்னால் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் சுத்தியல்காரன் திரும்பி வந்துவிடுவான். இத்தனைக்கும் என் தொழிலில் நான் கண்ட உண்மையே வேறு. ப்ளவுஸைப் போட்டுப் பார்த்துவிட்டு அக்குள் பிடிக்குது, கழுத்து இறங்குது என்று சண்டைக்கு வருகிறவள் நல்லவள், பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடலாம். நல்லாருக்குதுங்க்கா என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறவள்தான் திரும்ப வரமாட்டாள், எங்கே தப்பு என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் நானும் நல்லாருக்குதுங்க்கா ஆகிவிட்டேன்.

ஒருவேளை எனக்குக் கொடுத்தது வெறும் மாத்திரையாக இருந்தால்? இந்த யோசனை எப்போதும் பத்தரை மணி வாக்கில்தான் வரும், இதோ வராந்தா கடிகாரத்தில் பத்து முப்பத்திரண்டு. வெறும் மாத்திரை என்றால் எழுபத்தொன்பது நாளும் என் தலை தானாகவே சரியானது என்று அர்த்தம், அப்படியானால் நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அப்படியானால் விரல் ஏன் மரக்கிறது, வேறு ஏதாவது பெரிய வியாதியா, சர்க்கரையா, நரம்பா. நிஜ மருந்து என்றால் தலைக்கும் அதுதான், விரலுக்கும் அதுதான், ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் எடுக்கிறது. எங்கே சுற்றினாலும் மறுபடி இந்த நாற்காலிக்கே வந்து நிற்கிறேன். சரி, சாகிற வியாதியா என்ன, விரல் நுனிதானே. விரல் நுனியில்தான் நான் பிழைக்கிறேன் என்பது ஒன்று. ஆனால் தலைவலியோடு பிழைத்தது ஒரு பிழைப்பா என்பது இன்னொன்று. போன வாரம் மதியம் இரண்டு மணிக்கு, வெயில் கொளுத்தும்போது, எனக்கே எனக்கென்று ஒரு காரணமும் இல்லாமல் மொட்டை மாடியில் போய் நின்றேன். கீழே பையன்கள் தகரத்தில் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். டங் டங்கென்று எவ்வளவு நல்ல சத்தம். இன்னும் பலமாக அடிங்கடா என்று கத்தினேன். பையன்கள் பயந்துபோய் விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். அந்த மாடியை எப்படித் திருப்பிக் கொடுப்பது. கொடுக்க மாட்டேன். இன்றைக்கும் ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடலாம். அப்படித்தான் முடிவு செய்தேன், செய்த கையோடு மனசு பொங்கல் வைத்த மாதிரி நிறைந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். மடியில் அதே நீலப் பை. எனக்கு நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், முழங்கை வரை மஞ்சள் ஏறிய சமையல்காரக் கை. மயிலாத்தாள் என்று பெயர் சொன்னாள், கிணத்துக்கடவு, ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல், முந்நூறு பிள்ளைகளுக்குத் தோசை சுடுகிறவள். அவளுக்கும் தலைவலிதான், பதினெட்டு வருஷம். "இப்ப ரெண்டு மாசமா எட்டிப் பாக்கலீங்க. தாளிச்சா வாசத்துக்கே மயங்கி விழுந்துட்டிருந்தவ நானு. இப்ப அண்டா பக்கத்துல நின்னு பாடறேனுங்க" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு பங்காளி கிடைத்தது இப்போதுதான், நாச்சிமுத்துவிடம் சொன்னால் அப்பவே டீ குடிச்சிருக்கலாம் என்பார். அவள் வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் கட்டு. "என்னங்க ஆச்சு?" என்றேன். "தோசைக்கல்லுல பட்டுருச்சுங்க. பட்டதே தெரியல. தோலு கருகற வாசம் வந்தப்பறந்தான் குனிஞ்சு பாத்தேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே கட்டில்லாத விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள், எனக்குப் பழக்கமான தேய்ப்பு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, "எறும்பு ஊர்ற மாதிரியாங்க?" என்று கேட்டேன். அவள் கை அப்படியே நின்றது. "உங்களுக்குமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும். இரண்டு பொம்பளைகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள், எதிரே எக்ஸ்ரேவுக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். சிரித்து ஓய்ந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போயிச் சொல்லிப்போடாதீங்க. மாத்திரைய நிறுத்திப்போட்டா நான் மறுக்கா அந்த அடுப்புக்கிட்ட நிக்க முடியாதுங்க" என்றாள். பிடித்த கை சூடாக இருந்தது என்று சொல்ல ஆசை, ஆனால் என் விரலுக்கு அது சரியாகத் தெரியவில்லை, அவள் விரலுக்கும் தெரிந்திருக்காது.

அதோடு என் பொங்கல் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. நான் மட்டும் மறைத்தபோது அது என் விரல், என் பாடு. இப்போது கருகிய தோல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதே மாத்திரையை வேறு ஊர்களிலும் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள் என்று அந்தப் பதினோரு பக்கத்தில் இருந்தது. அவர்களும் எங்களைப் போல நன்றியுள்ள பொம்பளைகளாகத்தான் இருப்பார்கள். பாதிப் பேராவது ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். எல்லா ஒன்றுமில்லையும் சேர்ந்து பெரிய ஏட்டில் ஏறி, நாளைக்கு மெடிக்கல் ஷாப்பில் இது சாதாரணமாக விற்கும்போது, பெட்டிக்குள் மடித்து வைக்கிற அந்தப் பொடி எழுத்துத் தாளில் விரலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எங்கேயோ ஒருத்தி எண்ணெய்ச் சட்டிக்குள் கையை விடுவாள். அவளுக்குச் சொல்லவேண்டியவள் நான்தான், சொல்லாமல் விட்டால் அவளிடம் கேட்காமல் அவள்மேல் மருந்தைப் போட்ட கூட்டத்தில் நானும் ஒரு ஆள். ஹெல்சிங்கியில் கோட்டுப் போட்டவர்கள் எழுதியது டாக்டருக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும்தான் எழுதியிருக்கிறார்கள். "நான் சொல்லப் போறேனுங்க" என்றேன் மயிலாத்தாளிடம். "உங்க பேச்ச எடுக்க மாட்டேன், அது உங்க இஷ்டம். எனக்கு நடந்ததை நான் சொல்லிப்போடறேன்." அவள் கையை எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்து ரிஸ்வானா, "வசந்தாமணியக்கா, வாங்க" என்றாள்.

உள்ளே டாக்டர் தேவசகாயம் வழக்கம்போல எழுந்து நின்றார், அதிலேயே எனக்குப் பாதித் தைரியம் போய்விட்டது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அட்டைகளை எண்ணினார்கள், வட்டம் வட்டமாக இருந்த நாட்குறிப்பைப் பார்த்து டாக்டர் முகம் மலர்ந்தது, மகராசன், இப்போது நான் அதைக் கெடுக்கப் போகிறேன். ரிஸ்வானா பேனாவை எடுத்தாள். "வேற ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சாங்க்கா?" வாய் திறந்து "ஒண்..." வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "இருக்குது கண்ணு. முதல்ல இருந்தே இருக்குது. மூணு தடவையும் பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன். சொல்லி முடித்ததும் காதுக்குள் அடைத்திருந்த தண்ணீர் வெளியே வந்த மாதிரி எல்லாம் தெளிவாகக் கேட்டது, மின்விசிறி, வெளியே யாரோ இருமுவது. எறும்பைச் சொன்னேன், துணியைச் சொன்னேன், சந்தனப் பட்டில் விழுந்த மூன்று பொட்டைச் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் என் கையை வாங்கி, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசி முனையாலும் மாற்றி மாற்றித் தொட்டுக் கேட்டார், நான் பாதிக்குத் தப்பாகச் சொன்னேன். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. நல்லாருக்குன்னு சொல்றவங்க நிறையப் பேர். எங்களுக்கு வேண்டியது இதுதான்" என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். தேதி யாருக்குத் தெரியும், எனக்கு ப்ளவுஸ்தான் தெரியும். "பிரேமலதா ப்ளவுஸுக்குக் கை வைக்கும்போதுங்க" என்றேன். அது எப்போ என்றாள் ரிஸ்வானா. "ஆனிக் கடைசி முகூர்த்தம், அதுக்கு ரெண்டு நாள் முந்தி." அவள் செல்போனில் முகூர்த்த நாள் தேடினாள், டாக்டர் தன் மேஜைக் காலண்டரைப் புரட்டினார், படித்த இரண்டு பேர் என் ப்ளவுஸ்களைப் பிடித்துக்கொண்டு நாள் கணக்குப் பார்த்தார்கள். துணி தெரியாமல் போனது ஆடிப்பெருக்குச் சுடிதார் தைத்தபோது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ரெண்டு வழி இருக்கும்மா" என்றார் டாக்டர். "மாத்திரையை நிறுத்திடலாம். இல்லே, அளவைக் குறைச்சு, நரம்புப் பரிசோதனை பண்ணி, வாரா வாரம் கையைப் பாத்துக்கிட்டே தொடரலாம். விதியில ரெண்டுக்கும் இடமிருக்கு. முடிவு உங்களது." குறைத்தால் தலைவலி வருமா என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். எத்தனை டாக்டர், எத்தனை வைத்தியர், எத்தனை பேர் இது போட்டால் போய்விடும் என்று அடித்துச் சொன்னார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான், எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை ஒரு முழம் கூடிவிட்டது. "கொறச்சுப் பாக்கலாமுங்க. கை சரியாகலீன்னா நிறுத்திப்போடலாம்" என்றேன். நிறுத்திப்போடலாம் என்ற வார்த்தை என் வாயிலிருந்தே வந்துவிட்டது, சுத்தியல்காரன் வந்தால் வரட்டும், இனி அவன் வருவதையும் இங்கே ஒரு வரியாக எழுதுவார்கள். ரிஸ்வானா என் பழைய தாள்களை எடுத்தாள். மூன்று தாள், மூன்றிலும் ஒன்றுமில்லை. வெள்ளை மையைப் பூசி மறைப்பாள் என்று பார்த்தேன். அவள் ஒவ்வொரு ஒன்றுமில்லை மேலும் ஒரே ஒரு கோடு, நேராக, அழுத்தாமல் போட்டாள். கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. "அழிக்கக் கூடாதுங்க்கா. முன்னால என்ன சொன்னீங்கன்னும் தெரியணும், இப்ப என்ன சொல்றீங்கன்னும் தெரியணும்" என்று பக்கத்திலேயே இன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டாள். பயந்தவளையும் அடித்துப் போடாமல், பேசியவளுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டாள் இந்தப் பெண். அப்புறம் எழுதியதை வாசித்துக் காட்டினாள். வலது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனியில் மரப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, துணி வகை பிரித்தறிய முடியவில்லை, ஊசி குத்தியது தெரியவில்லை, தையல் வேலைக்கு இடையூறு. "இதுதான நீங்க சொன்னது?" என்றாள். நான் சொன்னதுதான். என் வீட்டில் எனக்கு என்ன செய்கிறது என்று நான் சொன்னது டீயோடு முடிந்துவிடும், இங்கே அது வரி வரியாகத் தாளில் இருக்கிறது. கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான், துடைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் எழுந்து வார்டுக்குப் புறப்பட்டார், கதவைத் திறந்து ஒரு கால் வெளியே வைத்துவிட்டார். ரிஸ்வானா தாளை மடிக்காமல், "வேற ஏதாச்சும் இருக்குதாங்க்கா?" என்றாள். இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன், இதைப் போய் மருந்து ஆய்வில் சொல்வார்களா. "சிரிக்கப்படாது" என்றேன். "சோடா சப்புன்னு இருக்குது கண்ணு. எங்க தெருமுக்கு சோடாக்காரர் கேஸே அடைக்கறதில்லைன்னு நாலு பேர் முன்னால அவரைப் புடிச்சுச் சண்டை போட்டுட்டேன். பாவம், அவர் என் முன்னாலயே உடைச்சு, பொங்கறதக் காட்டறாரு, எனக்கு வெறும் தண்ணியாட்டம் இருக்குது." ரிஸ்வானா சிரிக்கவில்லை, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். போன கால் திரும்பி வந்தது. டாக்டர் கதவை அப்படியே விட்டுவிட்டு வந்து, நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். "சோடாவா? அதுவும் மாத்திரையோட வேலையா இருக்கலாம். எந்தச் சோடா, எப்ப இருந்து? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க" என்றார். நாற்பத்தாறு வயதில், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக எழுந்து போன மனிதர் யாரும் திரும்பி வந்து உட்கார்ந்ததில்லை. நானும் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டேன். அப்போது திறந்த கதவுக்கு வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. மயிலாத்தாள் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். டாக்டர் எழுந்து நின்று, "உள்ள ஒருத்தர் பேசிட்டிருக்காங்கம்மா, அடுத்து நீங்கதான்" என்றார். "தெரியுமுங்க" என்றாள் மயிலாத்தாள். "அவங்க ஆற அமரச் சொல்லட்டுங்க, நான் எங்கியும் போகல. எனக்கு நெறைய இருக்குதுங்க."